டோல்வாப்டான் எடுப்பவருக்குத் தோல் டாக்டர் இட்ராகோனசோல் எழுதியிருக்கிறார். சேர்த்துப் போடலாமா?

மருதாணி | செவ்வாய், காலை 6:10

வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு 38 வயது. பரம்பரையாக வரும் பாலிசிஸ்டிக் கிட்னி, அதாவது கிட்னி முழுக்க நீர்க்கட்டிகள். மாமியாருக்கும் இதேதான், டயாலிசிஸில் இருந்து இறந்துபோனார். கிட்னி கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் இவருக்கு 1.5. எம்.ஆர்.ஐ. பார்த்த நெப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்), இந்த வயதுக்குக் கிட்னி ரொம்பப் பெரிதாக இருக்கிறது, வேகமாகப் போகிற ரகம் என்று சொல்லி, கட்டி வளர்வதைத் தாமதப்படுத்தும் டோல்வாப்டான் தொடங்கினார். காலையில் எழுந்ததும் 45, எட்டு மணி நேரம் கழித்து 15. அதோடு பி.பி.க்கு டெல்மிசார்ட்டான்.

இப்போது பிரச்சினை வேறு. தொடை இடுக்கில் படர்தாமரை. கடையில் கேட்டு வாங்கிய கிரீமைப் போட்டுப் போட்டு இடுப்பு வரை ஏறிவிட்டது. நேற்று தோல் டாக்டரிடம் போனார். அவர் பூஞ்சைக்கான இட்ராகோனசோல் 100, காலை இரவு, நாலு வாரத்துக்கு எழுதியிருக்கிறார். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு ‘பி.பி. மாத்திரை ஒண்ணு’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இவரைப் பொறுத்தவரை டோல்வாப்டான் என்பது ‘ஒண்ணுக்குப் போக வைக்கிற மாத்திரை’, அவ்வளவுதான்.

ராத்திரி ஒரு கேப்சூல் போட்டாயிற்று. இன்னும் தூங்குகிறார். எழுந்ததும் டோல்வாப்டானைக் கையில் எடுப்பார். போடலாமா?

மருந்துக்கடை மணி | செவ்வாய், காலை 6:32

தங்கச்சி, போட விடாதீர்கள். நெப்ராலஜிஸ்டிடம் பேசிய பிறகுதான் எதுவும். இது சேரவே கூடாத ஜோடி, டோல்வாப்டானுடன் வரும் தாளிலேயே தடை என்று அச்சடித்திருக்கும். அவருடைய போன் எடுக்கவில்லை என்றால் அந்த ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டிக்குக் கூப்பிட்டு, பணியில் இருக்கும் நெப்ராலஜி டாக்டரைக் கேளுங்கள். டெல்மிசார்ட்டானை நீங்களாக நிறுத்த வேண்டாம், அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். டோல்வாப்டானை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலிலும் குடலிலும் இருக்கும் சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதி. இட்ராகோனசோல் அந்த நொதியை முடக்கிவிடும். இட்ராகோனசோலின் பங்காளியான கீட்டோகோனசோலைக் கொடுத்துச் சோதித்தபோது உடம்பில் சேர்ந்த டோல்வாப்டான் ஐந்து மடங்குக்கும் மேலே போனது. அதாவது நீங்கள் விழுங்குவது 45, உடம்பு பார்ப்பது 200க்கு மேல். நீர் கட்டுக்கடங்காமல் போகும், ரத்தத்தில் சோடியம் ஏறும். தலைசுற்றல், குழப்பமான பேச்சு, அடக்க முடியாத தூக்கம் இருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே கூட்டிப் போங்கள். கல்லீரலுக்கும் கூடுதல் பாரம்.

இன்னொன்று. இட்ராகோனசோலை நிறுத்திய மறுநாளே பழையபடி டோல்வாப்டான் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நாள்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு அது ரத்தத்தை விட்டுப் போக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஒரு கேப்சூலுக்கு எவ்வளவு இடைவெளி என்பதை நெப்ராலஜிஸ்ட் சொல்லட்டும்.

மருதாணி | செவ்வாய், காலை 9:48

நன்றி அண்ணே. டாக்டர் பேசினார். இட்ராகோனசோல் இனி வேண்டாம், டோல்வாப்டானை நான் சொல்லும்வரை தொடாதீர்கள், இன்றே சோடியம், கிரியேட்டினின், லிவர் டெஸ்ட் எடுத்து அனுப்புங்கள் என்றார். டெல்மிசார்ட்டான் தொடரலாம். தோல் டாக்டரையும் கூப்பிட்டேன். “சொல்லியிருந்தால் எழுதியே இருக்க மாட்டேனே” என்றார். பூச மட்டும் ஒரு கிரீம் மாற்றித் தந்திருக்கிறார். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். காபி கேட்கிறார்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | செவ்வாய், காலை 11:05

நல்லவேளை அம்மா. நான் இதே நோயில் 52 வயதில் மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவன். மாற்றுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்க நான் எடுக்கும் டாக்ரோலிமஸை உடைப்பதும் மணி சொன்ன அதே நொதிதான். அதனால் இந்த இட்ராகோனசோல் வகையறா எனக்கும் பகை.

பல வருடமாகப் பார்த்ததில் ஒன்று சொல்வேன். நெப்ராலஜிஸ்ட் எழுதுகிற மாத்திரையால் நம் ஆட்கள் கெட்டுப்போவது குறைவு. தோல், பல், வயிறு, எலும்பு என்று நாம் போகிற மற்ற இடங்களில் எழுதப்படுவதுதான் வந்து இடிக்கிறது. அந்த டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். சீட்டில் இல்லாததை அவர்கள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

மாற்று அறுவைக்கு முன்னால் நடந்தது. கட்டி இருக்கிற பக்கம் விலாவில் கொல்லுகிற வலி. எங்கள் ஊரில் ஒரு கிளினிக். மேசையில் படுக்கச் சொல்லிவிட்டார்கள், நர்ஸ் ஆம்பியூலை உடைத்து மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். “என்ன ஊசிம்மா?” “வலி ஊசி சார்.” “பேர் என்ன?” “வலி ஊசிதான் சார்.” உடைந்த ஆம்பியூலை வாங்கி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படித்தேன். டைக்ளோஃபெனாக். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். நர்ஸுக்குக் கோபம். டாக்டர் வந்து ஃபைலைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் பாரசிட்டமால் எழுதினார்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன், நிமசுலைட், எல்லாம் ஒரே குடும்பம். ஏற்கெனவே டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் போன்றவை எடுக்கிறவருக்கு, மேலே ஒரு நீர் மாத்திரையும் இருந்து, இதுவும் சேர்ந்தால் கிட்னிக்குப் போகிற ரத்தம் சட்டென்று குறைந்து கிரியேட்டினின் ஏறும். டோல்வாப்டானில் உடம்பு வறண்டிருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

மருந்துக்கடை மணி | செவ்வாய், மதியம் 2:20

வாத்தியார் சொன்னதோடு கடைக்காரன் கண்ணில் பட்டதையும் சேர்க்கிறேன்.

வலி மாத்திரை பாதிக்கு மேல் கூட்டு மாத்திரையாகத்தான் வருகிறது. அசிக்ளோஃபெனாக் + பாரசிட்டமால், ஐப்யூபுரூஃபன் + பாரசிட்டமால். வாங்குகிறவர் ‘பாரசிட்டமால்தானே’ என்று போவார். அட்டையைத் திருப்பிப் பின்னால் இருக்கிற சின்ன எழுத்தைப் படியுங்கள். பாரசிட்டமால் மட்டும் என்றால் சரி, அதுவும் டாக்டர் சொன்ன அளவில்.

சேராத மருந்துப் பட்டியலில் நம் ஊரில் சாதாரணமாகக் கைக்கு வருபவை: வயிற்றுப்புண் கிருமிக்குக் கொடுக்கிற கிட்டில் இருக்கும் கிளாரித்ரோமைசின், டோல்வாப்டானோடு கூடாது. கோவிட் மாத்திரையில் வந்த ரிட்டோனாவிரும் அப்படியே. ஃப்ளூகோனசோல், எரித்ரோமைசின், இதயத்துக்கும் பி.பி.க்கும் தரும் டில்டியாசெம், வெரபமில், இவை நடுத்தர ரகம், டோல்வாப்டான் அளவைக் குறைக்க வேண்டிவரும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபினும் நேர் எதிர். டோல்வாப்டானை வேகமாக உடைத்து வேலை செய்யவிடாமல் ஆக்கிவிடும். பழத்தில் கிரேப்ஃப்ரூட் கூடாது என்பார்கள். நம் ஊரில் அதை யார் தின்கிறார்கள், ஆனால் பப்ளிமாஸ் அதன் நெருங்கிய சொந்தம், அதையும் விட்டுவிடுங்கள். சாத்துக்குடி, கமலா ஆரஞ்சைப் பற்றி இந்தப் பயம் இல்லை.

படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்குகிற கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கும், படை பரவும். இடுப்பு வரை ஏறியதற்கு அதுவாகக்கூட இருக்கலாம்.

ஈஸ்ட்ஹாம்வாசி | செவ்வாய், இரவு 11:40

நான் யாழ்ப்பாணம், இப்போது லண்டன். அம்மாவின் பக்கத்தால் வந்த வருத்தம், இதே நோய்தான். இங்கே 2015இல் நைஸ் (எந்த மருந்தை அரசு மருத்துவ சேவையில் தரலாம் என்று சொல்லும் அமைப்பு) அனுமதித்த பிறகு என் தமையனும் நானும் இந்த டோல்வாப்டான் குளிசை எடுக்கிறோம். எல்லோருக்கும் கொடுப்பதில்லை. நோய் வேகமாகப் போகிறது என்று காட்டினால்தான் தொடங்குவார்கள்.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது மருதாணி அக்காவின் கணவருக்கு யாரும் ஓர் அட்டை கொடுக்காதது. எங்களுக்கு முதல் நாளே நோயாளி எச்சரிக்கை அட்டை ஒன்று தந்தார்கள். பர்ஸில் கிடக்கும். பல் வைத்தியரிடம் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுவேன். மாதா மாதம் இரத்தம் எடுத்து ஈரல் முடிவு வந்தால்தான் எங்கள் ஆஸ்பத்திரி அடுத்த மாதக் குளிசையைத் தரும். முதல் 18 மாதமும் அப்படி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அங்கே எப்படி?

செங்கோட்டை | புதன், காலை 8:15

இங்கே யாரும் பிடித்து வைப்பதில்லை ஐயா. சீட்டைக் காட்டினால் கடையில் கிடைக்கிறது. எனக்குத் தொடங்கி அரை வருடம்கூட ஆகவில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லிவர் டெஸ்ட் எடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை விலையே முதுகை ஒடிக்கிறது. மாதா மாதம் லேப்புக்கும் அழ வேண்டுமா? எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

மருந்துக்கடை மணி | புதன், காலை 9:30

செங்கோட்டையாரே, தொந்தரவு இல்லை என்பதை நம்பித்தான் பயமே. கல்லீரல் சத்தம் போடாமல் கெடும். மஞ்சள் காமாலை, அரிப்பு, வலது விலா வலி, கறுத்த சிறுநீர் எல்லாம் வரும்போது காரியம் கொஞ்சம் முற்றியிருக்கும். 2012இல் வந்த டெம்போ 3:4 ஆய்வில் 1445 பேர். டோல்வாப்டான் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. மேல்வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டியது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவர். பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தியதும் தணிந்துவிட்டது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்ததே டெஸ்ட் எடுத்ததால்தான்.

அமெரிக்க மருந்துத் தாளில் இருக்கிற கணக்கு: தொடங்கும் முன் ஒன்று, இரண்டாவது வாரம், நாலாவது வாரம், பிறகு 18 மாதம் வரை மாதம் ஒன்று, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று. மேல்வரம்பைப் போல இரண்டு மடங்கு தாண்டினாலே நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாளுக்குள் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. முழு எல்.எஃப்.டி. (லிவர் டெஸ்ட்) விலை அதிகம் என்றால் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., பிலிருபின் மூன்று மட்டும் எடுத்தால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை வாங்குகிற பணத்தோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

செங்கோட்டை | புதன், காலை 10:02

சரி, அடுத்த முறை கேட்கிறேன். ஆனால் கேட்டால் டாக்டர் முகம் சுளிப்பார். உங்களுக்கென்ன, எழுதிவிடுவீர்கள்.

மூலிகைத்தோட்டம் | புதன், மாலை 5:25

இவ்வளவு ஆபத்தான மருந்தை எதற்குச் சாப்பிட வேண்டும்? அந்த மருந்து செய்வது தாகத்தைக் கிளப்பித் தண்ணீர் குடிக்க வைப்பதுதான். தினம் மூன்று நாலு லிட்டர் தண்ணீரை நேராகக் குடித்தால் முடிந்தது. கூடவே சிறுபீளை, நெருஞ்சில் கஷாயம். நம் முன்னோருக்குக் கிட்னி போனதா?

ஓய்வுபெற்ற வாத்தியார் | புதன், இரவு 8:10

போனது ஐயா. என் தாத்தா 48 வயதில் ‘உடம்பு வீங்கி’ இறந்தார். அப்போது அதற்குப் பேர் வைக்க ஸ்கேன் இல்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயம் நியாயமான கேள்வி, அதற்கு விடையும் இருக்கிறது. வாசோபிரஸின் என்ற ஹார்மோன் கட்டிச் சுவர் செல்களைத் தூண்டிக் கட்டியை வளர்க்கிறது. டோல்வாப்டான் அந்த ஹார்மோன் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நீர் போவதும் தாகம் எடுப்பதும் அதன் பக்க விளைவு. தண்ணீரை நிறையக் குடித்தாலும் அந்த ஹார்மோன் குறையுமே என்று ஆஸ்திரேலியாவில் 184 பேரை வைத்து மூன்று வருடம் பார்த்தார்கள், 2022இல் முடிவு வந்தது. கிட்னி வளர்கிற வேகத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. டோல்வாப்டானில் அந்த டெம்போ ஆய்வுக் கணக்கு வருடத்துக்கு 2.8 சதவீத வளர்ச்சி, வெற்று மாத்திரையில் 5.5. இந்த மருந்து நோயை எடுத்துவிடாது, தள்ளிப்போடும். டயாலிசிஸில் உட்கார்ந்து எழுந்தவனுக்குத் தள்ளிப்போடுவதன் விலை தெரியும்.

மருந்துக்கடை மணி | புதன், இரவு 9:00

சித்த மருத்துவத்தை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன், என் அப்பாவுக்கு மூட்டுவலிக்கு அதுதான். ஆனால் இந்த நோயாளிகளுக்கு இரண்டு காரணத்துக்காக வேண்டாம் என்பேன்.

ஒன்று, ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி போன்றவை அரிஸ்டோலோக்கியா இனம். அதிலுள்ள அமிலம் நல்ல கிட்னியையே சுருக்கிவிடும், புற்றுநோயும் வரவைக்கும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குக் கிட்னி போனது இதனால்தான். உங்கள் கஷாயப் பொடியில் எது சேர்ந்திருக்கிறது என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறதா?

இரண்டாவது எனக்கு இன்னும் முக்கியம். கொரோனா சமயத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி இந்திய டாக்டர்களே எழுதினார்கள். டோல்வாப்டானும் சீந்திலும் சேர்ந்து ஓடும்போது எஸ்.ஜி.பி.டி. ஏறினால் எதனால் ஏறியது? டாக்டருக்குத் தெரியாது. பாதுகாப்புக்காக டோல்வாப்டானைத்தான் நிறுத்துவார். கஷாயத்துக்காகக் கிட்னி மருந்தை இழப்பீர்கள்.

மூலிகைத்தோட்டம் | புதன், இரவு 9:41

கலப்படப் பொடிக்கு மருத்துவத்தைக் குறை சொல்லாதீர்கள். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் ஃபைலைக் காட்டிவிட்டு எடுக்கலாம் என்பதில் உங்களுக்கு என்ன ஆட்சேபம்?

மருந்துக்கடை மணி | புதன், இரவு 9:50

ஃபைலை இரண்டு பக்கமும் காட்டினால் ஆட்சேபம் பாதி குறையும். சித்த மருத்துவர் எழுதியதை நெப்ராலஜிஸ்டிடம் காட்ட முடிகிறதா? அங்கேதான் எல்லோரும் மறைக்கிறார்கள்.

தாழம்பூ | வியாழன், காலை 7:20

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. எனக்கு 29, அப்பாவிடமிருந்து இந்த நோய். டோல்வாப்டான் இல்லை, டெல்மிசார்ட்டான் மட்டும். கல்யாணமாகி இரண்டாவது வருடம், குழந்தைக்கு முயற்சி பண்ணலாம் என்று இருக்கிறோம். கருத்தடை மாத்திரையை நிறுத்திவிட்டேன். டெல்மிசார்ட்டானைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஈஸ்ட்ஹாம்வாசி | வியாழன், மதியம் 1:15

தங்கச்சி, முயற்சியைத் தொடங்க முன்னமே டொக்டரைப் பாருங்கள், இந்த வாரமே. டெல்மிசார்ட்டான், லொசார்ட்டான், ராமிப்ரில், எனலாப்ரில், இவை கர்ப்பத்தில் கூடவே கூடாது. பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பனிக்குட நீரும் வற்றும். கர்ப்பம் வரமுன்னரே லாபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்ற ஒன்றுக்கு மாற்றுவார்கள். ஆனால் பயத்தில் நீங்களாக இன்று நிறுத்திவிட்டு பிரஷரை ஏறவிட வேண்டாம். என் மச்சாளுக்கு இப்படித்தான் மாற்றினார்கள், பிள்ளைக்கு இப்போது நாலு வயது.

ஈரலிலும் கட்டிகள் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் அவற்றை வளர்க்கும். பிறகு திரும்பக் கருத்தடைக் குளிசைக்குப் போகும்போது அந்தக் கதையும் வரும்.

தாழம்பூ | வியாழன், மதியம் 1:52

ரொம்ப நன்றி அண்ணா. சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டேன். அதுவரை ஜாக்கிரதையாக இருந்துகொள்கிறோம். குழந்தைக்கும் வருமா என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். பாதிக்குப் பாதி என்று தெரியும். அதைப் பற்றி அறிவுரை வேண்டாம், ப்ளீஸ்.

கடையநல்லூர்க்காரன் | வியாழன், மாலை 6:45

நோன்பு பற்றி யாராவது சொல்லுங்கள். வாப்பாவுக்கு டோல்வாப்டான் காலை 60, பிறகு 30 ஓடுகிறது. வருகிற ரமலானில் நோன்பு வைப்பேன் என்று பிடிவாதம். விடியலுக்கு முன் ஸஹருக்கு ஒன்று, மாலை இஃப்தாருக்கு ஒன்று போட்டுக்கொள்வேன் என்று அவரே நேரம் போட்டு வைத்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | வியாழன், இரவு 7:30

தம்பி, அந்த அட்டவணையை வாப்பா கையிலிருந்து வாங்கிக் கிழித்துப் போடுங்கள். டோல்வாப்டான் போட்டவருக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு லிட்டர் போகும், அதை ஈடுகட்ட அவ்வப்போது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸஹரில் மாத்திரையைப் போட்டுவிட்டு மாலை வரை வாயில் சொட்டு விடாமல் இருந்தால் சோடியம் எங்கே போய் நிற்கும்? தண்ணீர் குடிக்க முடியாத எந்த நாளிலும் இந்த மாத்திரை கூடாது. நோன்பு, எண்டோஸ்கோப்பிக்கு வெறும் வயிறு, மயக்க மருந்து, வாந்தி பேதி, எல்லாம் இதில் வரும். எங்கள் பக்கத்தில் தண்ணீர் பல்லில் படாத சஷ்டி விரதக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

நோன்பு நாட்களில் டாக்டர் மருந்தை நிறுத்தி வைக்கச் சம்மதிப்பாரா, அல்லது மார்க்கத்தில் நோயாளிக்கு இருக்கிற சலுகையை எடுத்துக்கொண்டு, நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுப்பதா, அதை வாப்பாவும் டாக்டரும் உங்கள் இமாமும் முடிவு செய்யட்டும். எனக்குத் தெரிந்த ஒரு ஹாஜியார் இரண்டாவதைச் செய்தார்.

வாந்தி பேதி வந்தால் டெல்மிசார்ட்டான் வகையையும் இரண்டொரு நாள் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். உங்களுக்கு எது எது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் வாசலில் நின்று யோசிக்க முடியாது.

கடையநல்லூர்க்காரன் | வியாழன், இரவு 8:05

ஜஸாக்கல்லாஹ் சார். வாப்பாவிடம் படித்துக் காட்டினேன். ‘வாத்தியாருக்கு என்ன தெரியும்’ என்றார். ஆனால் டாக்டரிடம் வரச் சம்மதித்துவிட்டார்.

செங்கோட்டை | வெள்ளி, காலை 7:50

ஒரு சந்தேகம். டெல்மிசார்ட்டான் ஏ.எம். என்று எழுதியிருந்தார்கள். கடையில் அது இல்லை, எச் என்று போட்டது கொடுத்தார்கள். ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்றான் பையன். ஒன்றுதானா?

மருந்துக்கடை மணி | வெள்ளி, காலை 8:20

இல்லவே இல்லை! திருப்பிக் கொடுங்கள். ஏ.எம். என்றால் அதில் அம்லோடிபின், ரத்தக்குழாயைத் தளர்த்துவது. எச் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, நீர் மாத்திரை. டோல்வாப்டானில் ஏற்கெனவே நீர் கொட்டுகிறவருக்கு மேலே இன்னொரு நீர் மாத்திரை. சி.டி. என்றோ சி.எச். என்றோ இருந்தாலும் குளோர்தாலிடோன், அதுவும் அதே வகை. என் தொழில்காரப் பையனைத் திட்டக் கூடாது, ஆனால் வருகிறது.

பொட்டாசியத்தையும் கவனியுங்கள். டெல்மிசார்ட்டான் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். பி.பி.க்கு நல்லது என்று விற்கிற லோ சோடியம் உப்பில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம் குளோரைடு. நம் ஆட்களுக்கு அது ஆகாது. சாதாரண உப்பைக் குறைத்துப் போடுவதே வழி. இதே காரணத்துக்காக, கட்டியில் கிருமி வந்து கோட்ரைமாக்சசோல் எழுதினால் டெல்மிசார்ட்டான் எடுப்பதைச் சொல்லுங்கள், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். கட்டிக்குள் நுழைகிற ஆன்டிபயாடிக் சிலதுதான், சிப்ரோஃப்ளாக்சசின் வகையும் இதுவும். நாலு வாரம், ஆறு வாரம் என்று கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும்.

மருதாணி | வெள்ளி, இரவு 9:15

சோடியம், லிவர் எல்லாம் நார்மல். திங்கட்கிழமை திரும்ப ஒரு டெஸ்ட், அதைப் பார்த்துவிட்டு டோல்வாப்டான் தொடங்கலாம் என்றார் டாக்டர். மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி லேமினேட் செய்து கொடுத்திருக்கிறேன். மேலே பெரிய எழுத்தில் ‘கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், கிளாரித்ரோமைசின், வலி ஊசி கூடாது’. ஜாதகம் மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறார். இனி அவரே எழுதுகிறாராம், போனைக் கொடுக்கிறேன்.

வணக்கம், நான்தான் அந்த வீட்டுக்காரர். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் மச்சினன் கல்யாணம். பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். அன்றைக்குள் மாத்திரை தொடங்கியிருந்தால் எப்படிப் போவது? மதியம் போடுகிற 15ஐ மட்டும் விட்டுவிடலாமா? கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு தாகம் இன்னும் மோசம்.

ஈஸ்ட்ஹாம்வாசி | சனி, அதிகாலை 2:30

தம்பி, எப்போதாவது ஒரு நேரம் தவறினால் தவறியதுதான், அடுத்த நேரத்துக்குரியதை மட்டும் எடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. பயண நாளில் வேண்டுமென்றே விடுவதை டொக்டரிடம் முன்கூட்டிக் கேளுங்கள், எங்களுக்கு எப்போதாவது ஒரு நாள் விட அனுமதித்தார்கள். தண்ணீரைக் குறைத்துக்கொண்டு மாத்திரையைப் போடுவது மட்டும் வேண்டாம். பலர் செய்வது அதுதான்.

உப்பைக் குறைத்தால் போகிற நீரின் அளவும் குறையும், இது உண்மை. பந்தியில் அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றையும் இலையோரம் ஒதுக்கினாலே இரவு ஒருதரம் எழும்புவது மிச்சம்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | சனி, காலை 6:40

பஸ்ஸே வேண்டாம் தம்பி. ரயிலில் போங்கள். பெட்டியின் கடைசிப் பக்கத்து சீட்டாகப் பாருங்கள், எல்லோரும் வேண்டாம் என்பார்கள், நமக்கு அதுதான் ராஜ சிம்மாசனம். இரண்டு லிட்டர் பாட்டில் கையோடு இருக்கட்டும், ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி ஏறாதீர்கள். அந்த லேமினேட் தாள் பெட்டியில் வேண்டாம், சட்டைப் பையில் இருக்கட்டும்.